1834: ஏழு ஷில்லிங் கூலி, ஏழாண்டு தண்டனை



காலையில் மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பி, ஒரு வாய் சோறு சாப்பிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள். சிலர் தோட்டத்தை விட்டு வந்து, பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு படிக்கிறீர்கள். எங்கிருந்தாலும் சரி, மாதம் ஒரு முறை ஓர் ஆண்டைக் கையில் எடுத்து அதில் என்ன நடந்தது என்று பார்ப்பது நம் வழக்கம். இம்முறை நாம் புரட்டப் போகும் ஏடு 1834. நாடு இங்கிலாந்து.

"வெள்ளைக்காரர் ஊர்க் கதை நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஒரே ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சியில் நடந்த ஐந்து காரியங்களைச் சொல்லப்போகிறேன். ஐந்தும் கூலியையும் கணக்கையும் பற்றியவை. ஐந்தாவது காரியத்தில் நம் முன்னோர்கள் நடந்த பாதையும் வந்து சேருகிறது. ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதவைப் பற்றிக் கொஞ்சம்.

கதவில் எழுதிய கணக்கு

என் தகப்பனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சிறுவனாக இருந்த 1960களில், எங்கள் லயத்து வீட்டுக் கதவின் உட்புறத்தில் அவர் அடுப்புக் கரியால் கோடு போடுவார். ஒரு நாள் வேலைக்கு ஒரு கோடு. மழை பிடித்து மரம் வெட்டாத நாளுக்குக் கோடு கிடையாது. சம்பளத்துக்கு முதல் நாள் இரவு மண்ணெண்ணெய் விளக்கை என் கையில் கொடுத்து, "எண்ணுடா" என்பார்.

ஒரு மாதம் கதவில் இருபத்து நான்கு கோடுகள் இருந்தன. கிராணியார் புத்தகத்தில் இருபத்திரண்டு நாள்தான் இருந்தது. அப்பா தனியாகப் போய்க் கேட்டார். "உன் வீட்டுக் கதவு வந்து சாட்சி சொல்லுமா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பக்கத்து நிரைகளில் வெட்டுகிற நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் யாரும் சத்தம் போடவில்லை. அந்த இரண்டு நாளும் இவர் எங்கள் பக்கத்தில்தான் வெட்டினார் என்று மட்டும் சொன்னார்கள். புத்தகத்தை மறுபடியும் புரட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாள் சம்பளம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த அப்பா சொன்னது இது: "நேற்றும் அதே கரிக்கோடுதான், இன்றைக்கும் அதே கரிக்கோடுதான். ஆள்தான் கூடியிருக்கிறது."

1834ஆம் ஆண்டைப் பற்றி நான் படிக்கப் படிக்க அந்தக் கதவுதான் என் கண்முன் வந்து நின்றது. இனிக் கதைக்குப் போவோம்.

மரத்தடியில் கூடிய ஆறு பேர்

இங்கிலாந்தின் தெற்கில் டார்செட் என்று ஒரு மாவட்டம். அதில் டால்படில் என்று ஒரு சிற்றூர். அங்கே பண்ணைகளில் கூலி வேலை செய்த மக்களுக்கு வாரக் கூலி. பக்கத்து ஊர்களில் பத்து ஷில்லிங் கொடுத்தார்கள். பன்னிரண்டு பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. டால்படில் பண்ணைக்காரர்களும் பத்து ஷில்லிங் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கொடுத்ததோ ஒன்பது. பிறகு எட்டு ஆயிற்று. பிறகு ஏழு ஆயிற்று. இனிமேல் ஆறுதான் என்ற பேச்சும் வந்தது.

ஜார்ஜ் லவ்லஸ் என்பவர் அந்த ஊர்த் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்டு சபையில் பிரசங்கமும் செய்வார். அவர் பிற்காலத்தில் எழுதிய வரலாற்றின்படி, பத்து ஷில்லிங் பேச்சு நடந்தபோது ஊர்ப் பாதிரியார் சாட்சியாக நின்றார். கூலி குறைந்ததும் தொழிலாளர்கள் அவரிடம் போனார்கள். தாம் அப்படி எதற்கும் சாட்சி இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். நீதிபதிகளிடம் போனார்கள். முதலாளி என்ன கொடுக்கிறாரோ அதற்குத்தான் வேலை செய்ய வேண்டும், இவ்வளவு கொடு என்று கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை என்று பதில் வந்தது.

எல்லா வாசலும் மூடிய பிறகுதான், 1833ல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை. சங்கங்களைத் தடைசெய்திருந்த பழைய சட்டங்களை 1824லேயே நீக்கிவிட்டார்கள். ஊர் நடுவில் இருந்த ஒரு பெரிய மரத்தடியில் கூடிப் பேசியதாகச் சொல்வார்கள். சேர்கிறவர்களைத் தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்ட் என்பவர் வீட்டு மாடிக்கு அழைத்துப்போய், கண்ணைக் கட்டி, வேதப் புத்தகத்தின் மேல் சத்தியம் வாங்கினார்கள். சங்கத்து விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது சத்தியம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமே, அந்தப் பயம்தான்.

1834 பிப்ரவரி 22ஆம் தேதி ஊரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இப்படிப்பட்ட சங்கத்தில் சேருகிறவர்களுக்கு ஏழாண்டு நாடு கடத்தல் என்று அதில் இருந்தது. இரண்டே நாளில், 24ஆம் தேதி விடியற்காலையில், லவ்லஸ் வேலைக்குப் புறப்பட்டு வாசலைத் தாண்டும்போது காவலர் வந்து நின்றார். லவ்லஸ், அவர் தம்பி ஜேம்ஸ், தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்ட், அவர் மகன் ஜான், ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹாமெட் ஆகிய ஆறு பேரையும் டார்செஸ்டர் பட்டணத்துச் சிறைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். சத்தியம் வாங்கிய இரவில் ஹாமெட் அங்கே இருக்கவே இல்லை. இருந்தவர் அவருடைய சகோதரர் என்று சொல்வார்கள். "அது நானில்லை" என்று ஹாமெட் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சங்கம் குற்றமில்லை என்றால் வழக்கு எப்படிப் போட்டார்கள்? அங்கேதான் சாமர்த்தியம். 1797ல் கப்பற்படை மாலுமிகள் கலகம் செய்தபோது, ரகசியச் சத்தியம் வாங்குவதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அந்தப் பழைய சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, பண்ணைக் கூலிகளின் மேல் வைத்தார்கள். மார்ச் மாதம் டார்செஸ்டரில் விசாரணை. யாருடைய பெயரையும் உடலையும் உடைமையையும் நாங்கள் கெடுக்கவில்லை, எங்களையும் எங்கள் மனைவி மக்களையும் பட்டினியிலிருந்து காப்பாற்றிக்கொள்ளத்தான் ஒன்று சேர்ந்தோம் என்று லவ்லஸ் எழுதிக் கொடுத்தார். தீர்ப்பு: ஆறு பேருக்கும் ஏழாண்டு நாடு கடத்தல். மற்றவர்களுக்கு இது எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றார் நீதிபதி.

வாரத்துக்கு ஏழு ஷில்லிங் போதவில்லை என்று சொன்னதற்கு ஏழு ஆண்டு. எப்படி இருக்கிறது கணக்கு?

ஐவரைச் சிட்னிக்கும், லவ்லஸை அன்று வான் டீமன் நாடு என்று அழைத்த தாஸ்மேனியாவுக்கும் கைதிக் கப்பலில் அனுப்பினார்கள். பின்னால் விட்டுப்போன மனைவி மக்கள் ஊர் உதவிப் பணம் கேட்டுப் போனார்கள். சங்கம் வைத்தவர்களின் குடும்பத்துக்கு உதவி இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அரிசி பருப்பு போல அன்றாடச் செலவுக்குக் கொடுத்துக் காப்பாற்றியவர்கள் யார் தெரியுமா? முகம் தெரியாத மற்ற ஊர்த் தொழிலாளர்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நிதி திரட்டினார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஏப்ரல் 21ஆம் தேதி லண்டனில் பல்லாயிரம் பேர் திரண்டு, அமைதியாக ஊர்வலம் போனார்கள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனுவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்நாட்டு அமைச்சர் மெல்பர்ன் பிரபு, கூட்டமாக வந்தால் மனுவை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இது முதல் காரியம்.

ஆகஸ்டு முதல் நாள்

இரண்டாவது காரியம் கேட்க இனிப்பானது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளிலும் வேறு சில நாடுகளிலும் அடிமைகளாக இருந்த சுமார் எட்டு லட்சம் பேர், 1834 ஆகஸ்டு 1ஆம் தேதி முதல் அடிமைகள் அல்ல என்று சட்டம் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்கள் வயிற்றில் பிறந்தவர்களும் அவர்கள். கரும்புத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள். இந்தச் சட்டத்துக்காக நல்ல மனிதர்கள் பலர் ஐம்பது ஆண்டு பாடுபட்டார்கள். அடிமைகளும் கலகம் செய்து உயிரைக் கொடுத்தார்கள். அதை நாம் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் சட்டத்தின் உள்ளே போய்ப் படித்தால் வேறு கணக்கு இருக்கிறது. அடிமைகளை இழக்கிறார்களே என்று, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு நட்ட ஈடு. இத்தனை காலம் கூலியில்லாமல் உழைத்தவர்களுக்கு ஒரு பென்ஸ்கூட இல்லை. அத்தோடு, ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் இன்னும் சில ஆண்டு "பயிற்சித் தொழிலாளி" என்ற பெயரில் பழைய எஜமானுக்கே வாரம் 45 மணி நேரம் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். வயலில் வேலை செய்கிறவருக்கு அது ஆறு ஆண்டு. பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டியவனுக்குக் கரும்பு வெட்ட இன்னும் ஆறு ஆண்டு பயிற்சியாம்!

டிரினிடாட் தீவில் அந்த ஆகஸ்டு முதல் நாளே தொழிலாளர்கள், கிழவர் கிழவிகள் உட்பட, ஆளுநர் மாளிகை முன்னால் கூடினார்கள். ஆளுநர் சட்டத்தை விளக்க வாயைத் திறந்தார். "ஆறு ஆண்டு வேண்டாம்" என்று தங்கள் மொழியில் ஒரே குரலில் முழங்கி அவர் பேச்சைக் கேட்கவிடாமல் செய்துவிட்டார்கள். இப்படிப் பல இடங்களில் எதிர்ப்பு வந்ததால், அந்தப் பயிற்சி முறையை 1838 ஆகஸ்டு 1ஆம் தேதியோடு முடித்துக்கொண்டார்கள்.

நான் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் ஏழு ஷில்லிங் என்றால் டால்படில் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 18 பவுண்டு 4 ஷில்லிங் வரும். முதலாளிகளுக்குக் கொடுத்த 2 கோடி பவுண்டைச் சம்பாதிக்க அவர் ஏறத்தாழ 11 லட்சம் ஆண்டு உழைக்க வேண்டும். அந்த நட்ட ஈட்டுக்காக வாங்கிய கடனைப் பிரிட்டிஷ் அரசாங்கம் 2015ல்தான் முழுதாக அடைத்து முடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இடங்களுக்கும் இலங்கைக்கும் இது செல்லாது. இந்தியா மட்டுமில்லை, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அன்று கம்பெனியின் ஆட்சியில்தான் இருந்தன.

ஏழைகளுக்கு ஒரு வீடு

அதே ஆகஸ்டு மாதம் 14ஆம் தேதி மூன்றாவது காரியம். ஏழைகள் சட்டத் திருத்தம் என்று பெயர். அதுவரை வேலையில்லாதவருக்கும் கூலி போதாதவருக்கும் அவரவர் ஊரிலேயே வீட்டோடு கொஞ்சம் பணமோ ரொட்டியோ கொடுத்து வந்தார்கள். இதனால் வரி கூடுகிறது, ஜனங்கள் சோம்பேறி ஆகிறார்கள் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். இனிமேல் உடம்பில் தெம்புள்ளவருக்கு வீட்டோடு உதவி வேண்டாம். உதவி வேண்டுமானால் "உழைப்பு இல்லம்" என்ற கட்டடத்துக்குள் வந்து சேரட்டும் என்பது புதிய ஏற்பாடு.

உள்ளே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். ஒரே மாதிரி உடுப்பு, அளந்து போட்ட கஞ்சி. கல் உடைக்கிற வேலை, எலும்பு இடிக்கிற வேலை. வெளியே மிகக் குறைந்த கூலி வாங்குகிறவனுடைய நிலைமையைவிட உள்ளே இருப்பவன் நிலைமை மோசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் யாரும் வரமாட்டார்கள் என்பதே அதன் கொள்கை. மறைத்து வைக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆண்டோவர் என்ற ஊரில், உரத்துக்காக இடிக்கக் கொடுத்த எலும்பில் ஒட்டியிருந்ததைப் பசி தாங்காமல் தின்றார்கள் என்ற செய்தி 1845ல் நாடு முழுவதும் பரவியது.

கிழவன் கிழவியைக் கடைசிக் காலத்தில் பிரித்து வைக்கும் அந்த வீட்டை நினைத்தாலே இங்கிலாந்து ஏழை நடுங்கினான். "செத்தாலும் அங்கே போகமாட்டேன்" என்பது அவர்கள் வீடுகளில் சாதாரணப் பேச்சாயிற்று. இந்த வீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் மறுபடியும் வரும்.

எரிந்துபோன கணக்குக் குச்சிகள்

நான்காவது காரியம் அக்டோபர் 16ஆம் தேதி இரவு நடந்தது. லண்டனில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்துபோனது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். கணக்குக் குச்சிகள்!

எழுத்தும் தாளும் அதிகம் இல்லாத காலத்தில், இங்கிலாந்து அரசாங்கம் வரிப் பணத்துக்கும் கடனுக்கும் மரக் குச்சியில்தான் கணக்கு வைத்தது. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டு. நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம். இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு. வெட்டு முழுவதும் விழுந்த பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். பாதி கொடுத்தவர் கையில், பாதி வாங்கியவர் கையில். நாளைக்குச் சச்சரவு வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். ஒருவர் மட்டும் திருட்டுத்தனமாக இன்னொரு வெட்டுப் போட முடியாது. மற்றப் பாதியில் அது இருக்காதே!

என் தகப்பனார் கதவில் போட்ட கோடு நினைவுக்கு வருகிறதா? அவர் கையில் இருந்ததும் ஒரு பாதிக் குச்சிதான். அதனால்தான் கேட்க முடிந்தது.

இந்தக் குச்சி முறையை 1826ல் நிறுத்திவிட்டார்கள். மிஞ்சிய பழைய குச்சிகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. 1834ல் அவற்றை ஒழித்துக்கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. நாடாளுமன்றப் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் இரண்டு வண்டிக் குச்சியைப் போட்டு நாள் முழுவதும் எரித்தார்கள். புகைபோக்கி சூடேறி, தரை சூடேறி, மாலை ஆறு மணிக்கெல்லாம் தீ மேலே கிளம்பிவிட்டது. பழைய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைப் பாடுபட்டுக் காப்பாற்றினார்கள். சபைகள் இரண்டும் சாம்பல். ஆற்றின் இரு கரையிலும் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இன்று படத்தில் பார்க்கிறோமே மணிக்கூண்டோடு கூடிய கட்டடம், அது அதற்குப் பிறகு எழுந்தது.

நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1855ல் ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லிக் கிண்டல் செய்தார். சுற்றுவட்டாரத்தில் குளிரில் நடுங்கிய ஏழைகளுக்கு அந்தக் குச்சிகளை விறகாகக் கொடுத்திருக்கலாமே என்றார். ஏழைக்குக் கொடுத்தால் கெட்டுப் போவான் என்று சட்டம் போட்ட அதே ஆண்டு அல்லவா அது!

முப்பத்தாறு பேர் ஏறிய கப்பல்

ஐந்தாவது காரியம் 1834 நவம்பர் 2ஆம் தேதி. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் மொரிஷியஸ் தீவுக்கு, கல்கத்தாவிலிருந்து "அட்லஸ்" என்ற கப்பல் போய்ச் சேர்ந்தது. அதில் 36 கூலித் தொழிலாளர்கள். தாங்கர் என்று அழைக்கப்பட்ட மலைநாட்டு மக்கள். அவர்கள் தமிழர்கள் இல்லை. ஆனால் அவர்கள் போன வழியில்தான் நம்மவர்களும் பின்னால் போனார்கள்.

அடிமைகள் விடுதலை ஆகிவிட்டால் கரும்பை யார் வெட்டுவது என்பது முதலாளிகளின் கவலை. அதற்குக் கண்டுபிடித்த வழி ஒப்பந்தக் கூலி. கல்கத்தாவில் போலீஸ் நீதிபதி முன்னால் ஒப்பந்தம் எழுதினார்கள். ஐந்து ஆண்டு வேலை. மாதம் ஐந்து ரூபாய். எழுதப் படிக்கத் தெரியாத மலைநாட்டு மக்களுக்கு அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை, படித்துக் காட்டுகிறவர் சொன்னபடிதான் நம்ப வேண்டியிருந்தது. குச்சியின் இரண்டு பாதியும் முதலாளி கையிலேயே இருந்தது என்று சொல்லலாம்.

அந்த ஒரு கப்பலுக்குப் பின்னால் எத்தனை கப்பல்! மொரிஷியஸ், டிரினிடாட், கயானா, நேட்டால், பீஜி என்று லட்சக்கணக்கான இந்தியர்கள் போனார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் பாட்டன்மாரும் முதலில் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில்தான் புரோவின்ஸ் வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். பிறகு கங்காணி முறை வந்தது, காப்பி போய் ரப்பர் வந்தது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910ல் முடிந்தது. கங்காணிகள் ஆள் கட்டி வருவது 1938ல் நின்றது. மொரிஷியஸில் மட்டும் அந்த நவம்பர் 2ஆம் தேதியை ஆண்டுதோறும் மறக்காமல் நினைவுகூர்கிறார்கள். அவர்கள் இறங்கிய துறை உலக மரபுச் சின்னமாக 2006ல் அறிவிக்கப்பட்டது.

ஆறு பேர் என்ன ஆனார்கள்?

அந்த ஆறு பேரை நாம் கைதிக் கப்பலில் விட்டுவிட்டு வந்தோம். அவர்கள் கதையை முடிக்க வேண்டும்.

மனுவை வாங்க மாட்டேன் என்று சொன்ன மெல்பர்ன் பிரபு அந்த ஜூலையிலேயே பிரதமர் ஆனார். நவம்பரில் அரசர் நான்காம் வில்லியம் அவரை நீக்கினார். அடுத்த ஆண்டு அவரே மறுபடியும் பிரதமராக வந்தார். மேலே ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். கீழே ஜனங்கள் மட்டும் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: "அந்த ஆறு பேரைத் திருப்பிக் கொண்டுவா." கூட்டம் போட்டார்கள். மனு எழுதினார்கள். நாடாளுமன்றத்தில் நல்ல உறுப்பினர்களைப் பிடித்துப் பேசச் சொன்னார்கள். இரண்டு ஆண்டு சலிக்காமல் கேட்டார்கள். 1836 மார்ச் மாதம் ஆறு பேருக்கும் முழு மன்னிப்புக் கொடுத்தாக வேண்டியதாயிற்று. அப்போது பிரதமர் யார்? அதே மெல்பர்ன் பிரபுதான்.

ஜார்ஜ் லவ்லஸ் 1837ல் ஊர் வந்தார். நால்வர் 1838ல் வந்தார்கள். தூரத்துப் பண்ணையில் இருந்த ஹாமெட்டுக்குத் தகவல் போய், அவர் வந்து சேர 1839 ஆகிவிட்டது. ஐந்து பேர் பிறகு குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். தங்களுக்கு நடந்ததைப் பற்றி அங்கே அதிகம் வாய் திறக்கவில்லை.

ஹாமெட் மட்டும் டால்படிலிலேயே தங்கிவிட்டார். கட்டட வேலை செய்து பிழைத்தார். வயதாகிக் கண் தெரியாமல் போனதும், குடும்பத்துக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று அவரே ஓர் இடத்துக்குப் போனார். எங்கே தெரியுமா? டார்செஸ்டர் உழைப்பு இல்லத்துக்கு. அவரை நாடு கடத்திய ஆண்டிலேயே சட்டம் போட்டு எழுப்பிய அந்த வீட்டில்தான் 1891ல் அவர் உயிர் பிரிந்தது.

1934ல் நூறாவது ஆண்டு வந்தபோது, பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் ஒன்று சேர்ந்து அவர் கல்லறைக்கு ஒரு கல் நாட்டின. அந்த ஊரிலேயே ஆறு சிறு வீடுகள் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆறு பேரில் ஒருவர் பெயரை வைத்து, வயதான பண்ணைத் தொழிலாளர்களைக் குடிவைத்தார்கள். முதியவருக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பதற்கு அதுவே பதில். ஆண்டுதோறும் ஜூலையில் அந்தச் சிற்றூரில் தொழிலாளர் விழா நடக்கிறது.

நம் பாதிக் குச்சி

அன்பர்களே, 1834ஐப் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்லி முடிக்கிறேன்.

அந்த ஆண்டில் சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. அடிமையை விடுவிக்க ஒரு சட்டம். ஏழைக்கு உதவ ஒரு சட்டம். சங்கம் வைக்க அனுமதிக்கும் சட்டம் ஏற்கெனவே இருந்தது. ஒப்பந்தத் தாளும் நீதிபதி முன்னால்தான் எழுதினார்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் கணக்கை எழுதியவர் ஒருவர், உழைத்தவர் வேறொருவர். உழைத்தவர் கையில் பாதிக் குச்சி இல்லாத இடத்திலெல்லாம் அவர்தான் ஏமாந்தார். பத்து ஷில்லிங் ஒப்பந்தத்துக்குத் தாள் இல்லை. இருந்த ஒரு சாட்சியும் மறுத்துவிட்டார். கடைசியில் அந்த ஆறு பேரைத் திருப்பிக் கொண்டுவந்தது சட்டத்தின் இரக்கம் இல்லை. இரண்டு லட்சம் பேர் போட்ட கையெழுத்தும், அவர்கள் சலிக்காமல் கேட்டதும்தான்.

நம் நாட்டில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 1954ல் ஒரே சங்கமாக இணைந்தன. நமக்கு ஊழியர் சேமநிதி உண்டு, சொக்சோ உண்டு. எல்லாம் நம் பெரியவர்கள் பாடுபட்டு வந்தவை. ஆனாலும் எத்தனை வீட்டில் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைக்கிறோம்? சேமநிதியில் முதலாளி மாதாமாதம் பணம் கட்டுகிறாரா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போது, நாற்பது ஆண்டு வேலை செய்ததற்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே இந்த வாரம் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். பெட்டியைத் திறந்து, பழைய சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், சேமநிதிக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து ஓர் உறையில் போடுங்கள். படித்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துப் போடச் சொல்லி எந்தத் தாள் வந்தாலும், அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் நம் பாதிக் குச்சி.

இன்னொரு வேலையும் உண்டு. இன்றைக்கு நம் தோட்டங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் என்று தூர தேசத்திலிருந்து வந்த பையன்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் கையிலும் ஓர் ஒப்பந்தத் தாள் இருக்கிறது. பல பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. வேற்று ஆள்தானே என்று நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறோம். அட்லஸ் கப்பலில் வந்த முப்பத்தாறு பேரை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் பாட்டனையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் நின்று அந்தத் தாளைப் படித்துச் சொன்னால், அது அவர்கள் கணக்கில் மட்டுமில்லை, நம் பாட்டன் கணக்கிலும் சேரும்.

எங்கள் லயத்தை இடித்துப் பல ஆண்டு ஆகிறது. கதவும் போய்விட்டது, கரிக்கோடும் போய்விட்டது. அப்பா சொன்ன வார்த்தை மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை இன்று உங்களிடமும் கொடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படிக் கணக்கு வைத்தார்கள்? கயிற்றில் முடிச்சா, சுவரில் கோடா, சிரட்டையில் புளியங்கொட்டையா? கேட்டு எழுதுங்கள். அடுத்த மாதம் வேறோர் ஏட்டோடு சந்திப்போம்.

வணக்கம்.